கூடலூர் நிலமும் ஒன்பதாவது அட்டவணையும்

(அரசியலமைப்பு நாளையொட்டி நீலகிரி மாவட்டக் கூடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம்.

அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9இல் கூடியது, 1949 நவம்பர் 26இல் வேலையை முடித்தது, வரைவுக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவர், நம் பக்கத்திலிருந்து அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதில் இருந்தார். இதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் நிலத்தைப் பற்றிப் பேசுகிறேன். கூடலூரில் நின்றுகொண்டு வேறு எதைப் பேச?

நம் அரசியலமைப்புக்கு இன்று என்ன பொருள் கொள்கிறோமோ, அதில் பெரும்பகுதி நிலத் தகராறில் பிறந்தது. பேச்சுரிமை வழக்கு, காவலில் வைத்த வழக்கு எல்லாம் உண்டுதான். ஆனால் நாடாளுமன்றம் பெரிதா, நீதிமன்றம் பெரிதா என்ற சண்டை ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய வயல்வரப்பில்தான் தொடங்கியது.

சபைக்குள்ளேயே அப்படித்தான். சொத்துரிமைப் பிரிவில் இழுபறி நீண்டது. கடைசியில் 1949 செப்டம்பர் 10 அன்று நேருவே எழுந்து அதை முன்மொழிந்தார். ஜமீனை ஒழிக்கவும் வேண்டும், சொத்துக்குப் பாதுகாப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே பிரிவில் வைத்துத் தைத்தார்கள். தையல் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை.

பீகாரில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சின்ன ஜமீனுக்கு நிகர வருமானத்தைப்போல 20 மடங்கு இழப்பீடு, பெரிய ஜமீனுக்கு 3 மடங்கு. தர்பங்கா மகாராஜா காமேஷ்வர் சிங் வழக்குப் போட்டார். அவரும் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக உட்கார்ந்தவர்தான்! சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று எழுதிவிட்டு, எனக்கு மட்டும் ஏன் 3 மடங்கு என்று கேட்டார். பாட்னா உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் சட்டத்தைச் செல்லாது என்றது. சமத்துவம் முதலில் யாருக்குக் கைகொடுத்தது பார்த்தீர்களா?

அந்த ஜூனிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்துவிட்டது. நாட்டில் முதல் பொதுத்தேர்தலே அப்போது நடக்கவில்லை. அந்தத் திருத்தத்தில்தான் 31-பி பிரிவும் ஒன்பதாவது அட்டவணையும் பிறந்தன. ஒரு சட்டத்தின் பெயரை அட்டவணையில் ஏற்றிவிட்டால், அது அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி எந்த நீதிமன்றமும் அதை ரத்து செய்ய முடியாது. ஏற்கெனவே ரத்தாகியிருந்தாலும் உயிர்பெற்றுவிடும். ஆரம்பத்தில் 13 சட்டங்கள்.

அன்று அது தேவைப்பட்டது என்பதுதான் என் கருத்து. வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் ஜமீன்தார்களின் பேரன்கள்தான் இன்று நம்மிடம் குத்தகை வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கையில் கிடைத்த வசதியை எந்த அரசு சும்மா விடும்? வேண்டாத சாமானைப் பரணில் ஏற்றுவதுபோல, கேள்வி வரும் என்று பயந்த சட்டத்தையெல்லாம் அங்கே ஏற்றினார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டமே அங்கே போய் உட்கார்ந்தது. மிசாவுக்கும் உழுபவனுக்கும் என்ன சம்பந்தம்? எண்ணிக்கை 284 வரை போயிற்று.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தத் தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தது. நிலம் வந்தபோது அதன் ஜென்மி முறையும், அதாவது மலபாரின் பரம்பரை நில உடைமை முறையும், கூடவே வந்தது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம் ஜென்மி, தோட்டக் கம்பெனிகள் குத்தகைதாரர். அதற்கு முன்பிருந்தே இங்கே இருந்த பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

1969இல் தமிழ்நாடு சட்டமன்றம் கூடலூர் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சுமார் 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்ட விஷயம். எஸ்டேட்டுகள் உச்ச நீதிமன்றம் போயின. 1972இல் பால்மாடீஸ் தோட்டக் கம்பெனி வழக்கில் தீர்ப்பு: ஜென்மம் ஒழிப்பு சரி, ஆனால் ஜென்மம் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது, அந்தப் பகுதி செல்லாது. உடனே அரசு என்ன செய்தது? 1974இல் 34ஆவது திருத்தம் மூலம் சட்டத்தை முழுசாக, செல்லாது என்ற பகுதியையும் சேர்த்தே, ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றிவிட்டது.

இடையில் ஒரு பெரிய விஷயம் நடந்திருந்தது. கேசவானந்த பாரதி வழக்கு, 1973 ஏப்ரல் 24. 13 நீதிபதிகள், ஏழுக்கு ஆறு. அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது. அதுவும் காசர்கோடு பக்கத்து எடநீர் மடத்து நிலத்துக்காகத் தொடங்கியதுதான்.

அப்படியானால் அந்தத் தேதிக்குப் பிறகு பரண் ஏறிய கூடலூர் சட்டத்தின் கதி? இந்தக் கேள்விதான் ஐ.ஆர். கொயெலோ எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. 1999இல் ஐந்து நீதிபதிகள் அதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டத்தையும் நீதிமன்றம் சோதிக்கலாம். எந்த நோக்கத்தில் இயற்றினார்கள் என்று மட்டும் பார்த்தால் போதாது, மனிதருடைய உரிமை மீது நடைமுறையில் என்ன விளைவு என்று பார்க்க வேண்டும்.

டெல்லியிலும் பெங்களூரிலும் சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்கிறார்கள். கூடலூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தால் அதே அட்டவணைக்குப் போனதல்லவா? அதையும் இந்த அளவுகோலால்தான் இனி அளப்பார்கள். கூடலூர் வழக்கு தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் படிப்பையும் தொடுகிறது.

எஸ்டேட்டுகளுக்கு அதனால் நிலம் கிடைத்ததா? இல்லை. 2010இல் கிளென்ராக் எஸ்டேட் வழக்கில், சோதித்துப் பார்த்தே, இந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. கேள்வி கேட்கும் உரிமை பிழைத்தது, சீர்திருத்தமும் பிழைத்தது. எனக்கு இரண்டும் பிடித்த முடிவு.

(இந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "எல்லாம் சரிங்க வக்கீல் சார், எங்க வீட்டு நிலம் செக்‌ஷன் 17ன்னு சொல்லியே கரண்டு தர மாட்டேங்கிறாங்களே, அதுக்கு இதுல என்ன இருக்கு?")

உட்காருங்கம்மா, அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு தோட்டக் குத்தகைக்காக எழுதியது. பொதுநலன் என்று அரசு கருதினால் நோட்டீஸ் கொடுத்துக் குத்தகையை முடிக்கலாம், இல்லையென்றால் தொடரவிடலாம். அதே நிலத்தில் உங்களைப்போல வீடு கட்டியவர்களும், 1964 ஒப்பந்தத்துக்குப் பின் சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆயிரம் ஏக்கர் கம்பெனிக்கும் அஞ்சு சென்ட் வீட்டுக்கும் ஒரே முத்திரை. கோர்ட்டில் கேஸ் இருக்கிறது என்று இத்தனை வருஷம் சொன்னார்கள். சட்டம் செல்லுமா என்ற கேஸ் 2010இல் முடிந்துவிட்டது, அந்தச் சாக்கு இனி எடுபடாது. விளைவைப் பார் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்களே, அதை உங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பழங்குடியினர் தனியாக 2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை வழியாகக் கேட்க வேண்டும், இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எது பழையதோ அதை ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.