தபால் பை பறந்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

ஏர் இந்தியாவின் வரலாற்றையும் அதன் விமானங்களையும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் விமானி இல்லை, பொறியாளரும் இல்லை. 34 வருஷம் தபால் பிரித்தவன். ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ், என்றால் பழைய ஆட்களுக்குப் புரியும். அதனால் விமானத்தின் பயணிகள் வாசலைவிட, தபால் பை ஏறும் கதவைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஏனென்றால், இந்தக் கம்பெனி தொடங்கியதே கடிதம் சுமக்கத்தான். ஆட்கள் அப்புறம் வந்து ஏறிக்கொண்டார்கள்.

1932 அக்டோபர் 15. அப்போதெல்லாம் லண்டன் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானம் கராச்சியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் அது தரைவழியே வந்து சேர நாள்கணக்காகும். அன்று காலை ஜே.ஆர்.டி. டாடா, 28 வயதுக்காரர், கராச்சியில் ஒரு சின்ன விமானத்தைக் கிளப்பினார். புஸ் மாத் என்று பெயர். அது ஒருவகை அந்துப்பூச்சியின் பெயர். ஒற்றை எஞ்சின். ரேடியோ கிடையாது. வழிகாட்டும் கருவி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கீழே தெரிகிற நிலத்தைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

சரி, எவ்வளவு தபால் தெரியுமா? 25 கிலோ. கடையில் அரிசி சிப்பம் வாங்குகிறோமே, அந்த எடை. ஒரு சிப்பம் அரிசிதான் டாடா விமான சேவையின் முதல் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அகமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் போட வேண்டும். பெட்ரோல் எதில் வந்தது? மாட்டு வண்டியில். டின் டின்னாக மாட்டு வண்டியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வீட்டில் என் மனைவிக்கு அலுத்துவிட்டது, அது வேறு விஷயம். அவர் இப்போது கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

மதியம் பம்பாயில் ஜூஹுவில் இறங்கினார். கடலோரத்துச் சேற்று நிலம். மழைக்காலத்தில் அங்கே இறங்கவே முடியாது என்பதால் அந்த மாதங்களில் கடையை புனேவுக்கு மாற்றிவிடுவார்கள். நம் ஊரில்கூடப் பலர் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். கராச்சி, பம்பாய், சுபம். அப்படி இல்லை. பம்பாயில் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை விமானி காத்திருந்தார். இப்படி ஒரு சேவை நடத்தலாம் என்று டாடாவிடம் யோசனை சொன்னவரே அவர்தான். அவர் பையை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகப் பறந்து சென்னைக்கு வந்தார். ஆக, முதல் தடத்தின் கடைசி ஊர் நம் சென்னை. இதை நான் இரண்டாவது முறையும் சொல்கிறேன், நடுவில் வானொலியைப் போட்டவர்களுக்காக: டாடாவின் முதல் தபால் விமானத் தடம் முடிந்தது சென்னையில்.

முதல் வருஷம் முழுக்க டாடாவின் அந்த நிறுவனம் ஏற்றிய பயணிகள் 155 பேர். இன்று ஒரே ஒரு ஏர்பஸ் 320 அதைவிட அதிகம் பேரை ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு போகிறது. தபால் மட்டும் 10 டன்னை நெருங்கியது. லாபம் 60,000 ரூபாய்.

1946-ல் அந்த நிறுவனத்தின் டாடா ஏர்லைன்ஸ் என்ற பெயர் ஏர் இந்தியா என்று மாறியது. தலைப்பாகையும் பெரிய மீசையுமாகக் குனிந்து வணக்கம் சொல்லும் மகாராஜா பொம்மையும் அதே வருஷம் வந்ததுதான். 1948-ல் மத்திய அரசும் பங்கு போட்டு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் உருவானது. ஜூன் 8 அன்று ‘மலபார் பிரின்சஸ்’ என்ற கான்ஸ்டெலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. நான்கு எஞ்சின், பின்னால் மூன்று வால். அதற்காக 12 அணா தபால்தலை ஒன்று வெளியிட்டார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் பல் கொஞ்சம் உடைந்தது, ஆனாலும் விற்க மாட்டேன்.

இப்போது நாக்பூருக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன். 1949-ல் இரவுத் தபால் விமானம் என்று ஒன்று தொடங்கினார்கள். ராத்திரியில் சென்னையிலிருந்து ஒரு விமானம் கிளம்பும். டில்லியிலிருந்து ஒன்று, பம்பாயிலிருந்து ஒன்று, கல்கத்தாவிலிருந்து ஒன்று. நான்கும் நடுராத்திரியில் நாக்பூரில் இறங்கும். கல்யாண வீட்டில் நாலு ஊர்ச் சொந்தமும் கூடித் தாம்பூலப் பையை மாற்றிக்கொள்கிற மாதிரி, அங்கே தபால் பைகளை மாற்றிக்கொள்வார்கள். டில்லிப் பை டில்லி விமானத்துக்கு, கல்கத்தாப் பை கல்கத்தா விமானத்துக்கு. பயணிகளும் தூக்கக் கலக்கத்தோடு மாறி ஏறுவார்கள். பொழுது விடிவதற்குள் எல்லாம் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். சாயங்காலம் மயிலாப்பூரில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் காலை டில்லியில் இருக்கும். பெரும்பாலும் டக்கோட்டா விமானங்கள், உலகப் போர் முடிந்து மிஞ்சியவை.

நான் வேலையில் சேர்ந்தபோது இதை நடத்திய மூத்தவர்கள் இருந்தார்கள். ‘நாக்பூர்’ என்று சொல்லும்போதே அவர்கள் குரல் மாறும். ஒரு விமானம் தாமதமானால் மற்ற மூன்றும் காத்துக்கிடக்க வேண்டும், அதனால் யாருக்கும் அரை நிமிஷம் வீணாகக் கூடாது. நான் அவர்கள் அளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை. ஒருமுறை கல்கத்தாவுக்குப் போக வேண்டிய பையை பம்பாய் விமானத்தில் ஏற்றிவிட்டேன். அதில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இருந்ததோ, இன்றைக்கும் நினைப்பு வரும்.

1953 ஆகஸ்டில் அரசு விமான நிறுவனங்களைத் தேசியமயமாக்கியது. வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. உள்நாட்டுக்கு எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ். ஆனாலும் ஏர் இந்தியாவின் தலைவராக ஜே.ஆர்.டி.யையே வைத்துக்கொண்டார்கள். 1978 வரை இருந்தார். நீக்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதை இங்கே கிளற வேண்டாம்.

அப்புறம் ஜெட். 1960-ல் போயிங் 707, அதில் நியூயார்க் வரை. 1971-ல் ஜம்போ, 747. ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்கரவர்த்தியின் பெயர் வைத்தார்கள். அசோகர், ஷாஜகான், அடுத்து நம்ம ராஜேந்திர சோழன்! கடாரம் கொண்டவன் பெயரில் ஒரு விமானம் கடல் தாண்டியது. ஜன்னல்களைச் சுற்றி மட்டும் ராஜஸ்தான் அரண்மனை வளைவு வரைந்திருந்தார்கள். சோழனுக்கு ராஜஸ்தான் ஜன்னல், என்ன செய்வது? மகேந்திர வர்மன் பெயரிலும் ஒன்று இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் என்று. வேகமாகச் சொல்கிறேன். 1985-ல் ‘கனிஷ்கா’ என்ற ஜம்போ அட்லாண்டிக் மேல் குண்டுவெடித்து 329 பேர் இறந்தார்கள். 1990-ல் குவைத் போரில் சிக்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஜோர்டானின் அம்மானிலிருந்து 488 நடைகளில் கொண்டுவந்தார்கள். அதைத் தனியாக ஒருநாள் பேச வேண்டும். 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாயின. 2022 ஜனவரியில் மறுபடி டாடா கைக்கே போனது. 2023-ல் 470 புது விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் கடைசி ஜம்போ மும்பையிலிருந்து கிளம்பி, இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் போனது.

புதிதாக வந்திருக்கும் ஏர்பஸ் 350 பற்றி நாலு பக்கம் எழுதி எடுத்து வந்தேன். அது பையிலேயே இருக்கிறது. வணக்கம்.