மஞ்சளும் சர்க்கரைக்காரர் கண்ணும்

(சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

"டாக்டர், தினமும் வெந்நீரில் மஞ்சள் தூள் போட்டுக் குடிக்கிறேன். கண்ணுக்கு ஒண்ணும் வராதுல்ல?" வாரம் தவறாமல் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் இதை எலிகளிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

2005-இல் வந்த ஆய்வு. சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளில் சிலவற்றுக்குத் தீவனத்தோடு மஞ்சள் தூள். சிலவற்றுக்குக் குர்குமின், அதாவது மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள். ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஆனாலும் கண்புரை முற்றுவது தள்ளிப்போனது! நல்ல செய்திதான், கைதட்டலாம்.

ஆனால் அதே நிறுவனத்தின் 2003 ஆய்வையும் கேளுங்கள். கேலக்டோஸ் என்ற சர்க்கரையை நிறையக் கொடுத்துப் புரை உண்டாக்கிய எலிகள். தீவனத்தில் குர்குமின் 0.002 சதவீதம் இருந்தபோது புரை தாமதமானது. அதையே ஐந்து மடங்காக்கி 0.01 சதவீதம் கொடுத்தார்கள். குர்குமினே தராத எலிகளைவிட வேகமாக முற்றிவிட்டது. 'இயற்கைதானே, கூடப் போனால் என்ன' என்கிறவர்கள் இந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதெல்லாம் புரை. புரை வந்தால் லென்ஸை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைத்துவிடுவோம். கண்ணின் பின்பக்கம் ஒளியை உணரும் படலமான விழித்திரைக்கு அப்படி மாற்று கிடையாது. அங்கே நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், அடைபடும். முற்றினால் வலுவில்லாத புதுக்குழாய்கள் முளைத்து உடையும். வெங்காயத்தில் இருக்கும் குவெர்செடின் போன்றவை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதியை, அதாவது சர்க்கரை மிகும்போது கண்ணைக் கெடுப்பதில் பங்குள்ள ஒரு பொருளை, தடுக்கும் என்று 1970-களிலேயே தெரியும். அதே நொதியைத் தடுக்கவென்று ஆய்வுக்கூடத்தில் செய்த, எலிகளிடம் புரையைத் தடுத்த சார்பினில் மருந்தை மனிதர்களிடம் சோதித்து 1990-இல் முடிவு சொன்னார்கள்: விழித்திரைப் பாதிப்பு நிற்கவில்லை. எலிக்கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் இடையே அவ்வளவு தூரம்.

அடுத்து மிளகு. குர்குமினைத் தனியாக விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைபரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் உடலில் சேர்வது ஏறத்தாழ 20 மடங்காகிறது என்று 1998-இல் பெங்களூருவில் கண்டார்கள். மஞ்சள்-மிளகு மாத்திரைகள் விற்பது இதைச் சொல்லித்தான். ஆனால் பைபரின் மற்ற மருந்துகளையும் அப்படி ஏற்றிவிடக்கூடும். நீங்கள் ஏற்கெனவே நாலைந்து மாத்திரை போடுகிறவர்! வாங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் டப்பாவைக் காட்டுங்கள்.

சாம்பாரில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் விழித்திரைப் பாதிப்புக்குத் தரும் லேசருக்கோ, கண்ணுக்குள் போடும் ஊசிக்கோ பதிலாக நிற்கும் தாவர மருந்து இன்றைக்கு இல்லை. டைப் 1, அதாவது உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் சர்க்கரையை இறுக்கிப் பிடித்ததில், புதிதாக விழித்திரைப் பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. 1993-இல் வந்த அமெரிக்க ஆய்வின் கணக்கு இது. எந்த மூலிகையும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

பார்வை தெளிவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள், சில மணி நேரம் கண் கூசும், அதனால் வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். கூட ஒருவரை அழைத்து வாருங்கள். வணக்கம்.