செய்தி இல்லாமல் ஓடியவன்

நேயர்களே, வணக்கம். கடவுள் தம் காரியங்களை மனிதர் வாயை நம்பி ஒப்படைத்திருக்கிறாரே, அதுதான் எனக்குத் தீராத வியப்பு. வானத்திலிருந்து அவரே முழங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வேதாகமத்தைப் புரட்டினால் யாரோ ஓடுகிறார், யாரோ எழுதுகிறார், யாரோ தட்டுத்தடுமாறிப் பேசுகிறார். தனக்குத் திக்குவாய் என்று மறுத்த மோசேக்கு ஆரோனைத் துணை சேர்த்து அனுப்பினாரே தவிர, ஆளை விட்டுவிடவில்லை.

இவர்களில் நான் அடிக்கடி நினைப்பது அகிமாஸை. இரண்டாம் சாமுவேல், 18-ஆம் அதிகாரம். எப்பிராயீம் காட்டில் போர் முடிந்துவிட்டது, தாவீது ராஜாவை எதிர்த்து எழுந்த அவர் மகன் அப்சலோம் இறந்துவிட்டான். தகப்பன் தாவீது நகர வாசலில் காத்திருக்கிறார். செய்தி சொல்லக் கூஷியை அனுப்புகிறான் தாவீதின் படைத்தலைவன் யோவாப். அகிமாஸோ, “நானும் ஓடுகிறேன்” என்று நிற்கிறான். “ராஜாவின் மகன் இறந்திருக்கிறான், இன்றைக்கு நீ வேண்டாம்” என்று சொல்லியும் கேட்கவில்லை. சமபூமி வழியாக ஓடிக் கூஷியை முந்திவிட்டான். நல்ல கால்கள், சந்தேகமில்லை! தாவீது கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளை சுகமா? இவன் என்ன சொன்னான்? பெரிய சந்தடியைக் கண்டேன், இன்னதென்று தெரியாது என்றான். தெரியாமலா? யோவாப் சொல்லித்தானே ஓடி வந்தான்! ஓட வந்த துணிச்சல் சொல்ல வரவில்லை. “அப்படிப் போய் நில்” என்றார் ராஜா. பின்னால் வந்த கூஷிதான் செய்தியைச் சொன்னான். முந்தியவன் ஓரமாக நின்றான்.

வேகம் வேறு, செய்தி வேறு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன்.

சத்தமும் வேறுதான். நம் நீலகிரியில் ஆராதனைக்கு அழைக்கக் கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிறோம். எதிர்ச்சரிவு எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். சொல் மலையில் மோதித் திரும்புவதற்குள் அடுத்த சொல் புறப்பட்டுவிடுகிறது. “மாலை” வருகிறது, “மணிக்கு” வருகிறது. எத்தனை மணி என்பது பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடுகிறது. உள்ளே மைக் பிடித்தவருக்கு இது தெரியாது. அடுத்த வருடம் இன்னும் பெரிய கூம்பு வாங்குவார்கள். ஒருவர் நடந்து போய்க் கதவைத் தட்டினால் போதுமே என்பது என் கட்சி.

யூதப் பெண் எஸ்தர் பாரசீக ராணியாக இருந்த காலத்தில், ராஜாவின் ஆட்சியில் இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகள். யூதரைக் கொல்லச் சொன்ன கட்டளையும் அஞ்சற்காரர் கையில்தான் போனது. அவர்களைக் காப்பாற்றிய கட்டளையும் அப்படித்தான் போனது. அதனால் கருவியைக் கும்பிடவும் வேண்டாம், சபிக்கவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்தந்த நாட்டு எழுத்தில், அந்தந்த ஜனத்தின் பாஷையில் எழுதினார்கள். கேட்கிறவன் பக்கம் போய் நின்று எழுதினார்கள்.

நம் மலையிலும் அது நடந்தது. 1846-இல் கேத்தியில் வேலை தொடங்கிய பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தார், லூக்கா சுவிசேஷத்தை இம்மலைப் படுகர்கள் பேசும் படுக மொழியில், கன்னட எழுத்தில் அச்சாக்கினார்கள். அது 1852. பக்கத்து ஊர்களில் தமிழும் கன்னடமும் புழங்கின; இருந்தும் அடுப்படியில் பேசுகிற மொழியைத் தேடிப் போனார்களே, அதைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பெபேயாளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தைச் சுமந்து போனவர் அவரே என்று பலரும் கருதுகிறார்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுவும் ஒரு வரியில் தன் வாழ்த்தைச் சேர்த்திருக்கிறார். இவர்கள் பெயர் வரும் ரோமர் 16-ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடாமல் இன்றிரவு வாசியுங்கள். நன்றி, வணக்கம்.