மரம் நட மறுத்தவர்கள் கட்டிய குளம்

நேயர்களுக்கு வணக்கம். ஜோர்டானில் உள்ள பெட்ரா என்றதும், செம்பாறையில் குடைந்த பெரிய முகப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அந்த ஊரின் தண்ணீர்தான் பெரிய அதிசயம்.

பெட்ராவைக் கட்டியவர்கள் நபாத்தியர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் வாழ்ந்த விதத்தை டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். விதைக்கக் கூடாது, மரம் நடக் கூடாது, வீடு கட்டக் கூடாது. மீறினால் மரண தண்டனை. தண்ணீரையோ நிலத்துக்கடியில் ஒளித்து வைத்தார்கள். குறுகிய வாய், உள்ளே போகப் போக அகன்ற தொட்டி. வாயை மூடிவிட்டுத் தங்களுக்கு மட்டும் தெரியும் அடையாளம் வைத்துவிடுவார்கள். எதிரி துரத்தி வந்தாலும் தாகத்தால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

அதே மக்கள் சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து என்ன செய்தார்கள் தெரியுமா? நகரின் நடுவில், பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே, தோட்டத்தோடு ஒரு குளம் கட்டினார்கள். நீளம் 43 மீட்டர், அகலம் 23, ஆழம் இரண்டரை. கணக்குப் போட்டால் 20 லட்சம் லிட்டருக்கும் மேல்! நடுவில் தீவு போல ஒரு மண்டபம். வாசனைப் பொருள் ஏற்றிய ஒட்டகங்களோடு பாலையைக் கடந்து வந்த வணிகர் கண்ணில் அது பட்டால் எப்படி இருந்திருக்கும்! இந்த ஊரின் செல்வத்தைச் சொல்ல வேறு வார்த்தை தேவைப்பட்டிருக்காது.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஊருக்குக் கிழக்கே ஐன் மூசா என்ற ஊற்று. நகருக்குள் நுழையும் சிக் என்ற மலையிடுக்கு 1.2 கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு சுவரில் பாறையில் வெட்டிய கால்வாய், மறு சுவரில் சுடுமண் குழாய். சாய்வு அதிகமானால் குழாய் தாங்காது. குறைந்தால் வண்டல் படியும். அந்த அளவைப் பிடித்த கைகளை நான் வணங்குகிறேன். மழை வெள்ளம் இடுக்குக்குள் பாயாமல் இருக்க, வாயிலிலேயே அணை போட்டு, மலையைக் குடைந்து வேறு பக்கம் திருப்பினார்கள். பின்னாளில் அந்த அணை அழிந்தது. 1963இல் வெள்ளம் சிக்குக்குள் புகுந்து, இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அப்புறம்தான் அதே இடத்தில் மறுபடி அணை எழுந்தது.

குளமும் காலப்போக்கில் மண்மூடிப் போனது. அந்த இடத்தைப் பழைய ஆய்வாளர்கள் சந்தைத் திடல் என்றே வரைபடத்தில் குறித்திருந்தார்கள். 1998இல் தோண்டிப் பார்த்தபோதுதான் உள்ளே குளமும் மண்டபமும் இருப்பது தெரிந்தது.