கரும்பொருள் வேறு, எதிர்ப்பொருள் வேறு

[திரையில்: கரூ வறண்ட நிலம், இரவு, வரிசையாக ஆன்டெனாத் தட்டுகள்]

டர்பனிலிருந்து வணக்கம். கரும்பொருள் (dark matter) என்று சொன்னதுமே, "அது எதிர்ப்பொருள் (antimatter) தானே?" என்று நம்மவர்கள் பலர் கேட்கிறார்கள். இல்லை. கரும்பொருள், இருந்தும் கண்ணில் படாதது. எதிர்ப்பொருள், இருந்திருக்க வேண்டும், ஆனால் காணோம்.

[திரையில்: சூரியனைச் சுற்றும் கோள்கள்]

புதன் கோள் விநாடிக்குச் சுமார் 47 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நெப்டியூனுக்கோ 5 கிலோமீட்டர் சொச்சம்தான். சூரியனை விட்டு விலக விலக ஈர்ப்பு குறைகிறது, வேகமும் குறைகிறது. கேலக்ஸியின் ஓரத்து நட்சத்திரங்களும் அப்படித்தானே மெதுவாகச் சுற்ற வேண்டும்? 1970இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் நம் பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவை அளந்தார்கள். ஓரத்தில் வேகம் அப்படிக் குறையவில்லை. கண்ணுக்குத் தெரியாத நிறை ஏதோ பிடித்து வைத்திருக்கிறது.

இதே வேலையை நம் தென்னாப்பிரிக்காவில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி செய்கிறது. வட கேப் மாகாணத்தில் கார்னார்வன் பக்கம் 64 தட்டுகள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம். (ரேடியோ இரைச்சல் வரக்கூடாதென்று 2007இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். செல்போன் பிரியர்கள் யோசித்துப் போகவும்.) கேலக்ஸியில் நட்சத்திரங்கள் முடியும் இடத்துக்கு வெளியேயும் ஹைட்ரஜன் வாயு பரவிக் கிடக்கும். அது அனுப்பும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலை, வாயு நம்மை விட்டு விலகினால் கொஞ்சம் நீண்டும், நெருங்கினால் சுருங்கியும் வந்து சேரும். அதை வைத்து வாயுவின் வேகத்தைக் கணக்கிடலாம்.

அண்டத்தில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் 27. மீதி கரும் ஆற்றல், அது வேறு கதை.

[திரையில்: எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி ஒளியாவது]

சரி, எதிர்ப்பொருள்? 1928இல் இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாட்டில் அதற்கு இடம் இருந்தது. 1932இல் ஆண்டர்சன் என்ற இயற்பியலாளர் பாசிட்ரானைக் கண்டார். எலக்ட்ரானின் அதே நிறை, எதிர் மின்னூட்டம். இரண்டும் சந்தித்தால் அழிந்து காமா கதிராகும். வீட்டில் அத்தை, மாமா யாராவது பாசிட்ரானைப் பயன்படுத்தும் பெட் (PET) ஸ்கேன் எடுத்திருந்தால், அவர்கள் உடம்புக்குள் நடந்ததும் இதுதான். கரும்பொருள் எதிர்ப்பொருளாக இருந்தால் வானமெங்கும் காமா கதிர் கொட்டும். கொட்டவில்லை.

ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. நூறு கோடி ஜோடிக்கு ஒன்று என்ற அளவில் பொருள் மிஞ்சியது. நட்சத்திரம், கடல், நாம் எல்லாமே அந்த மிச்சம். ஏன் மிஞ்சியது? இரண்டும் சற்றே வேறு விதமாக நடந்துகொள்வதை 1964இல் இயற்பியலாளர்கள் குரோனினும் ஃபிட்சும் கேயான் என்ற நுண்துகள்களில் கண்டார்கள். 2025இல் புரோட்டானின் உறவுக்காரத் துகள்களிலும் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் அதைப் பார்த்தது. ஆனால் இதுவரை தெரிந்த வித்தியாசம் அந்த மிச்சத்துக்குப் போதவே போதாது.

இரண்டு புதிர்களையும் முடிச்சுப் போடும் ஒரு யோசனை எனக்குப் பிடிக்கும். கரும்பொருளிலும் அதே போல ஒரு மிச்சம் தங்கியிருந்தால்? கரும்பொருள் துகள்களின் எண்ணிக்கை புரோட்டான்களின் அளவே, மொத்த நிறை மட்டும் ஐந்து மடங்கு என்றால், ஒரு கரும்பொருள் துகளின் நிறை சுமார் ஐந்து புரோட்டான். இது யூகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய யூகம். சிக்கல் என்னவென்றால், இவ்வளவு லேசான துகள், கரும்பொருளைத் தேடும் கருவிகளில் உள்ள கனமான செனான் அணுவில் மோதினால், அணு அசைவதைப் பார்ப்பதே கடினம்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் தொல்லையில்லாமல் தேட நிலத்தடிக்குப் போக வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கு அது புதிதல்ல. 1965இல் பாக்ஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே, இயற்பியலாளர்கள் ரைன்ஸும் செல்ஷாப்பும் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை, அதாவது எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களை, பிடித்தார்கள். இப்போது பார்ல் பக்கத்து ஹியூகனாட் சுரங்கப்பாதையை ஒட்டி ஓர் ஆய்வகம் அமைக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது.