ஒரு கால் எட்டினால் போதும்

வணக்கம். எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். இந்த ஸ்டுடியோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் என் கால் தரையைத் தொடவில்லை. அதனால் விளிம்பில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பேசப்போவதும் அதைப் பற்றியேதான்: கால் எட்டாத பைக்கை எட்ட வைப்பது எப்படி?

என் உயரம் 5 அடி 1 அங்குலம். சின்ன வயதில் நாகர்கோவில் டவுன் பஸ்ஸின் முதல் படியே எனக்கு ஒரு மருந்துவாழ் மலை. சுசீந்திரத்தில் ஓங்கி நிற்கிற ஆஞ்சநேயருக்கு முன்னால் எல்லோருமே குள்ளம்தான் என்று அம்மா ஆறுதல் சொல்வாள். பைக் கடையில் அந்த ஆறுதல் செல்லவில்லை.

கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகரிலிருந்து வருகிறது. அங்கிருந்து உடம்பெல்லாம் தூசியோடு வந்து, வள்ளுவர் சிலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிற பையன்களை எத்தனை வருடம் பார்ப்பது? இங்கிருந்து அந்தப் பக்கம் ஒரு தடவை போனால் என்ன என்று ஆசை. நாற்பது தாண்டிய பிறகு ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக் ஒன்று வாங்கினேன். அதன் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர், அதாவது 31.5 அங்குலம். எடை 199 கிலோ. என் கால் உள்பக்கமாக அளந்தால் 28 அங்குலம். மீதி மூன்றரை அங்குலத்துக்கு எங்கே போவது?

ஓடும்போது ஒரு சிரமமும் இல்லை. வண்டிக்கு நம் உயரம் தெரியாது. நிற்கும்போதுதான் தெரியும்.

தோவாளையில் தெரிந்தது. ஆனி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பிச்சிப்பூ வாங்கலாமென்று சாலையோரம் ஒதுங்கினேன். வழக்கம்போல இடது காலைக் கீழே விட்டேன். தரை இல்லை! நம் சாலைகள் மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். போதாததற்கு அங்கே தாரும் முடிந்து, மண் ஒரு சாண் பள்ளத்தில் கிடந்தது. வலது பக்கத்திலிருந்து காற்று ஒரு தள்ளு. வண்டி மெதுவாக, மிக மெதுவாக, கோயில் யானை படுப்பதைப் போலச் சாய்ந்தது. 199 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. விட்டுவிட்டு விலகுவதுதான் புத்தி. நான் விடவில்லை. வண்டியோடு சேர்ந்து ஒரு கூடை பிச்சிப்பூவின் மேல் போய் விழுந்தேன்.

நாலு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். பூக்காரப் பாட்டி கூடையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அடி பட்டுதா மக்கா?" என்றாள். இல்லை என்றதும் அடுத்த கேள்வி: "பின்ன, எட்டாத வண்டியில எதுக்கு மக்கா ஏறுன?" பூவுக்குக் காசு கொடுத்தேன், பாதிதான் வாங்கிக்கொண்டாள். கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது. கேளுங்கள்.

ஒரு கால் எட்டினால் போதும். இரண்டு பாதமும் தரையில் அப்பிப் பதிய வேண்டும் என்ற நினைப்பு நமக்கு ஸ்கூட்டரிலிருந்து வந்தது. நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, இடது முன்பாதத்தை ஊன்றி, வலது காலால் பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் வண்டி நிற்கும். ஆனால் எங்கே ஊன்றப்போகிறோம் என்று பத்தடி முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஓரம் சரிந்திருக்கிறதா, தார் விளிம்பை விட்டு உள்ளேயே நில்லுங்கள். தோவாளையில் ஒரு முழம் உள்ளே நின்றிருந்தால் பாட்டியின் பூ பிழைத்திருக்கும்.

அதுவும் போதவில்லையா, அடுத்தது இருக்கை. வீட்டில் இருப்பவர்கள் இப்போதே எழுந்து நின்று காலை அகட்டிப் பாருங்கள். இடுப்பு கீழே இறங்குகிறதா? அகட்டிய கால் குட்டையாகிவிடுகிறது. அகலமான சீட்டும் நம் காலை அப்படித்தான் அகட்டுகிறது. ஆகவே உயரத்தைப் போலவே அகலமும் முக்கியம். சீட் தைக்கிற கடையில் போய் "ஒரு இஞ்ச் குறைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். டேங்க் பக்கம் தொடை உரசுகிற இரண்டு ஓரங்களையும் சீவச் சொல்லுங்கள். நடுவில் ஸ்பாஞ்சை அதிகமாக எடுத்துவிட்டால் திருநெல்வேலி போய்ச் சேர்வதற்குள் அடித்தகடு எலும்போடு பேச ஆரம்பித்துவிடும். எடுத்த இடத்தில் கெட்டியான ஸ்பாஞ்ச் மெல்லிசாக ஒன்று வைத்துத் தைப்பது நல்லது. முடிந்தால் பழைய சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு சீட்டில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

இதையெல்லாம் நான் கடைசியில்தான் செய்தேன். முதலில் செய்தது வேறு. வண்டியையே இறக்கினேன்.

பின்சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் லிங்க் என்று ஒரு சின்ன இரும்புப் பட்டை உண்டு. அதைவிடக் கொஞ்சம் நீளமான பட்டையைப் போட்டால் வண்டியின் பின்பக்கம் இறங்கும். ஒரு பட்டறையில் மாட்டித் தந்தார்கள். கால் எட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பின்னால் மட்டும் இறங்கினால் மூக்கு மேலே தூக்கும், ஹேண்டில் சோம்பலாகத் திரும்பும், எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும். அதைச் சரிக்கட்ட, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கையும் கிளாம்பில் தளர்த்தி, குழாயை மேலே ஏற்றி, முன்பக்கத்தையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். அதையும் செய்தேன். மறந்தது சைடு ஸ்டாண்டை.

வண்டி இறங்கினால் ஸ்டாண்டு நீளமாகிவிடுகிறது. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நெட்டக் குத்தலாக நிற்கும். முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம். காற்று அதை ஸ்டாண்டு இல்லாத பக்கமாகக் கவிழ்த்துவிட்டது. கிளட்ச் லீவர் தப்பித்தது, பிரேக் லீவர் போயிற்று.

சரியென்று லேத்துப் பட்டறையில் ஸ்டாண்டை வெட்டிக் குட்டையாக்கி வெல்டிங் வைத்தேன். அப்புறம் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாதை. அடியில் ஒவ்வொரு கல்லும் கதவைத் தட்டியது. தரைக்கும் வண்டிக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி இருந்த வண்டி அது. அதற்காகத்தானே வாங்கினேன்? என் மகனைப் பின்னால் ஏற்றினால் மட்கார்டில் டயர் உரசியது. ஆறு மாதத்தில் பழைய லிங்க்கையே திரும்ப மாட்டினேன். இப்போது ஸ்டாண்டு குட்டை! வண்டி தரையோடு படுக்கப் பார்த்தது. அதே பட்டறைக்குப் போனேன். வெட்டி எடுத்த துண்டு இன்னும் மூலையில் கிடந்தது. ஒட்டித் தந்த பையன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. இன்றும் என் வண்டி ஸ்டாண்டில் இரண்டு வெல்டிங் தழும்பு உண்டு.

கண்ணாடிக்கு அந்தப்புறம் விரலைக் காட்டுகிறார்கள். மீதி இரண்டு நிமிடமா, ஒன்றா? ஒன்று.

பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்தினாலும் கொஞ்சம் இறங்கும், செலவில்லை. ஆள் ஏறும்போதும் மூட்டை கட்டும்போதும் மறக்காமல் இறுக்கிவிடுங்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடுவதில்லை. லிங்க்கில் கை வைப்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சரிவில் நிறுத்தினால் மூக்கு மேட்டைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் பின்னுக்குத் தள்ள ஆள் தேட வேண்டிவரும். பூட்ஸ் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். தடித்த அடி வைத்துத் தைத்தால் அரை அங்குலம் கிடைக்கும், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. சிவப்பு விளக்கு மினுக்குகிறது, வணக்கம்.