கடற்பறவைகளின் கணக்கு

செட்டிநாட்டு நேயர்களுக்கு என் வணக்கம். தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகக் கிழக்கே சென்றால் தொண்டியில் கடல் வந்துவிடும். அக்கடலின் நலத்தைப் பறவைகளையும் சுறா போன்ற வேட்டை மீன்களையும் கொண்டு எவ்வாறு அறிவது என்பதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

நீருக்குள் எவ்வளவு மீன் உள்ளது என்பதை நேரில் எண்ணிவிட இயலாது. ஆனால் கடற்பறவை கூடு கட்டத் தரைக்கு வந்தே தீரும். அங்கே அதனை எண்ணலாம், காலில் வளையமிடலாம், குஞ்சுக்கு எந்த மீனை ஊட்டுகிறது என்றும் பார்க்கலாம். இவற்றுள் முதிர்ந்த பறவைகளின் எண்ணிக்கையை மட்டும் நம்புவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் 1956இல் வளையமிடப்பட்ட 'விஸ்டம்' என்னும் ஆல்பட்ராஸ் கடற்பறவை 2024இன் இறுதியிலும் முட்டையிட்டது. இத்தனை நீண்ட ஆயுளுள்ள இனத்தில், குஞ்சுகள் ஆண்டுக்கணக்கில் மடிந்தாலும் தலைக்கணக்கு குறையாதது போலவே தோன்றும். வட்டி வருவது நின்ற பின்னும் முதல் பத்திரமாக இருப்பதாகப் பேரேடு காட்டுவதைப் போன்றது இது. கொடுக்கல் வாங்கலில் தேர்ந்த நம் ஊராருக்கு அதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலில் 1990களில் சாண்ட் ஈல் என்னும் சிறுமீன் பெருமளவில் பிடிக்கப்பட்டபோது, அதனை உண்டு வாழும் கிட்டிவேக் பறவைகளின் குஞ்சு வளர்ப்பு சரிந்தது. ஆண்டுதோறும் எழுதிவைக்கப்பட்ட கூடுகளின் கணக்கு இருந்ததால்தான் சரிவு உரிய காலத்தில் தெரிந்தது. 2000இல் அப்பகுதியில் அம்மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. கடல் வெப்பமானதும் ஒரு காரணமே. எனினும் மனிதர் உடனே நிறுத்தக்கூடியது வலையைத்தான். இரைமீன் தன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பறவைகளின் இனப்பெருக்கம் தளர்கிறது என்று, 14 பறவை இனங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. எவ்வளவு மீனை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கும் அரசுகளுக்கு இது கையில் பிடித்துக்கொள்ளத்தக்க அளவுகோல்.

சுறாக்களைக் கரையில் நின்று எண்ண வழியில்லை. கரையை விட்டு விலகித் திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பின் உலகளவில் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்ற கணக்கு, பெரும்பாலும் மீன்பிடிப்புப் பதிவுகளிலிருந்தே திரட்டப்பட்டது.

நம் வேட்டங்குடியில் கூடு கட்டும் நீர்ப்பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்தப் பரிவு தொண்டிக் கரை வரை நீள வேண்டும் என்று விரும்புகிறேன். அங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, மாணவர்களும் இருக்கிறார்கள். அக்கரையில் காணும் ஆலா என்னும் கடற்பறவைகளில் பெரும்பாலானவை வலசை வருபவை. ஆகவே அங்கே குஞ்சுக் கணக்கு கிடைக்காது. குளிர்காலத்தில் அவை எங்கே கூட்டமாக இரை தேடுகின்றன, எந்த மீனுக்குப் பாய்கின்றன என்பதை மீனவர்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஒரே முறையில் குறித்துவர வேண்டும். மீன் இறங்குதளத்துக்கு வரும் சுறாவையும் திருக்கையையும் இனம் பிரித்து, எடையோடு நீளத்தையும் எழுத வேண்டும். மொத்த எடை குறையாத ஆண்டிலும் பிடிபட்டவை பெரும்பாலும் குட்டிகளாக இருக்கக்கூடும், அது நீளத்தை அளந்தால்தான் தெரியவரும்.